ஆஸ்பத்திரி நடத்தியவர்கள் வாளெடுத்த கதை: ஹாஸ்பிட்டலர் சபை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலுவைப் போர் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் டெம்ப்ளர்கள் என்ற போர்த் துறவிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். புதையல் எங்கே, சாபம் பலித்ததா, ரகசியக் கும்பல் இன்னும் இருக்கிறதா, இதேதான். எனக்கு என்னவோ அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்களான ஹாஸ்பிட்டலர்கள்மேல்தான் ஆர்வம். டெம்ப்ளர்கள் இருநூறு வருஷத்துக்குள் ஒழிந்துபோனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோ ஜெருசலேமை இழந்து, ஆக்கரை இழந்து, ரோட்ஸை இழந்து, மால்டாவையும் இழந்த பிறகும் இன்றுவரை இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும், யாரும் கேட்காமல் நானே சொல்ல ஆசைப்பட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

யார் இந்த ஹாஸ்பிட்டலர்கள்?

ஜெருசலேம் புனித யோவான் மருத்துவமனையின் சபை என்பது முழுப்பெயர். திருமுழுக்கு யோவான்தான் பாதுகாவலர். ஊர் மாற மாறப் பெயரும் மாறியது: ரோட்ஸ் தீவில் இருந்தபோது ரோட்ஸ் வீரர்கள், மால்டாவில் இருந்தபோது மால்டா வீரர்கள். கறுப்பு மேலங்கி, அதில் வெள்ளைச் சிலுவை. வெள்ளை அங்கியில் சிவப்புச் சிலுவை போட்டவர்கள் டெம்ப்ளர்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே சிலுவைப் போர்ப் படங்களில் பாதிக் குழப்பம் தீரும்.

எப்படித் தொடங்கியது? முதலிலிருந்தே படையா?

இல்லை. முதல் சிலுவைப் போருக்கு முன்பே, 11ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் அமால்ஃபி ஊர் வணிகர்கள் ஜெருசலேமில் திருக்கல்லறைக் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம் கட்டினார்கள். நம் ஊரில் யாத்திரைக்காரர்களுக்குச் சத்திரம் கட்டிவைத்த செட்டியார்களை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே வேலைதான். நகரம் அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது, அவர்கள் அனுமதி இல்லாமல் இது நடந்திருக்காது. அந்தச் சத்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜெரார்ட். 1099 ஜூலையில் சிலுவைப் படை நகரைப் பிடித்தபோதும் அவர்தான் பொறுப்பில் இருந்தார்.

அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. முற்றுகையின்போது மதில்மேல் நின்று கல்லெறிவதுபோல் வெளியே பசியோடிருந்த சிலுவைப் படைக்கு ரொட்டியை வீசினாராம். பிடித்துக்கொண்டுபோய் ஆளுநர் முன்னால் நிறுத்தி அங்கியை உதறச் சொன்னால், விழுந்ததெல்லாம் கல்லாம். கதைதான். ஆனால் சபை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முதல் கதையில் வாள் இல்லை, ரொட்டி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

1113 பிப்ரவரி 15 அன்று போப் இரண்டாம் பாஸ்கல் இதைத் தனிச் சபையாக அங்கீகரித்தார். உள்ளூர் ஆயருக்குக் கட்டுப்படத் தேவையில்லை, தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த அதிகாரம், ஆணவம் எல்லாவற்றுக்கும் விதை இந்த ஒரு தாள்தான்.

அந்த மருத்துவமனை நிஜமாகவே பெரியதா?

பெரியதுதான். 1160களில் அங்கே போன வூர்ட்ஸ்பர்க் யோவான் என்ற ஜெர்மானிய யாத்திரீகர் ஏறத்தாழ 2000 நோயாளிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். யாத்திரீகர்கள் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதித்தான் சொல்வார்கள், பாதியாக வைத்துக்கொண்டாலும் அன்றைய ஐரோப்பாவில் அதற்கு ஈடு கிடையாது.

எண்ணிக்கையைவிட என்னை உட்காரவைத்தது 1182இல் தலைவர் ரோஜர் த மூலான் போட்ட விதிகள். நான்கு மருத்துவர்கள் சம்பளத்துக்கு இருக்கவேண்டும், அவர்களுக்குச் சிறுநீரைப் பார்த்து நோய் சொல்லவும் மருந்துப் பாகு கொடுக்கவும் தெரிந்திருக்கவேண்டும். கட்டில் காலை நீட்டிப் படுக்க வசதியான நீள அகலத்தில் இருக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி விரிப்பு, தனிப் போர்வை. நோயாளி ராத்திரியில் கழிப்பிடத்துக்கு எழுந்துபோனால் குளிராமல் இருக்க ஆட்டுத்தோல் அங்கியும் காலணியும். வந்த இடத்தில் பிள்ளை பெற்ற யாத்திரைப் பெண்களின் குழந்தைகளுக்குத் தனித்தனித் தொட்டில், தாயோடு படுத்து நசுங்கிவிடக்கூடாது என்பதற்காக. பாகு காய்ச்சச் சர்க்கரை எந்தெந்த மடத்திலிருந்து எவ்வளவு வரவேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். சர்க்கரை அப்போது ஐரோப்பாவில் பெரும் பணக்காரர்கள் மட்டும் பார்த்த பொருள்.

நோயாளிகளை அவர்கள் ‘எங்கள் எஜமானர்கள்’ என்றுதான் குறிப்பிட்டார்கள். பிரபு வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சபைக்குள் வந்துவிட்டால் தெருவில் கிடந்து வந்தவனுக்கு ஊழியன். யூதர்களையும் முஸ்லிம்களையும்கூடச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அக்காலக் குறிப்பு இருக்கிறது.

தொட்டிலைப் பற்றி யோசித்த அதே ரோஜர் 1187 மே 1 அன்று நாசரேத்துக்குப் பக்கத்தில் கிரெசன் என்ற நீரூற்றருகே நடந்த குதிரைப் போரில் செத்தார். இந்தச் சபையை இரண்டு வரியில் சொல்லச் சொன்னால் நான் இந்த மனிதரைத்தான் சொல்வேன்.

மருத்துவமனை இருந்த இடம் ஜெருசலேம் பழைய நகரில் இன்றும் முரிஸ்தான் என்று அழைக்கப்படுகிறது. மருத்துவமனை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். இப்போது கடைவீதி.

சரி, நோயாளிக்குக் கால் கழுவினவர்கள் எப்போது வாளெடுத்தார்கள்?

நாள் குறித்து எடுத்ததுபோல் தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்கிறது. ஜெரார்ட் 1120இல் இறந்ததும் வந்த ரேமோன் து பூய் காலத்தில்தான் மாற்றம். யாத்திரீகர்கள் கடற்கரையிலிருந்து ஜெருசலேம் வருவதற்குள் வழிப்பறிக்காரர்களிடம் சிக்கினார்கள், அதனால் வழிக்காவலுக்கு ஆள் வைத்தார்கள். காவலுக்கு ஆள் வைத்தவர்களிடம் 1136இல் சிலுவைப் படையினர் அமைத்த ஜெருசலேம் நாட்டின் அரசர் ஃபுல்க் ஒரு கோட்டையையே கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோட்டையைப் பார்த்துக்கொள்ளப் படை வேண்டும், படைக்குச் சோறு போட நிலம் வேண்டும், நிலத்தைக் காக்க இன்னொரு கோட்டை. சில ஆண்டுகளில் சிரியாவின் கிராக் கோட்டையும் இவர்கள் கைக்கு வந்துவிட்டது.

துறவி கொலை செய்யலாமா? பாவமில்லையா?

அன்றைக்கும் இந்தக் கேள்வி இருந்தது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்தவன் காலையில் செபம் சொல்லிவிட்டு மத்தியானம் ஈட்டி தூக்குவதைச் சில போப்புகளே தயக்கத்தோடுதான் பார்த்தார்கள், மருத்துவமனையை மறந்துவிடாதீர்கள் என்று கடிதமும் போனது. ஆனால் ஜெருசலேம் நாட்டில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. சம்பளம் கேட்காத, கல்யாணம் பண்ணாத, பயிற்சி பெற்ற குதிரைவீரன் கிடைக்கும்போது யார் வேண்டாமென்பார்கள்? தேவை வந்து நின்றால் இறையியல் ஒதுங்கிக்கொள்ளும், இது அந்த மதத்துக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை.

பெண்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். ஸ்பெயினின் அரகோன் பகுதியில் சிஹேனா என்ற ஊரில் 1188இல் அரசி சாஞ்சா நிறுவிய மடம் பெயர்பெற்றது. போருக்குப் போகவில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

நன்கொடை. போருக்குப் போக முடியாத ஐரோப்பியப் பிரபு, மறுமைக்குப் புண்ணியம் சேரட்டும் என்று ஒரு கிராமத்தை எழுதிவைப்பான். சாகும்போது நிலம், திராட்சைத் தோட்டம், மாவு ஆலை என்று எழுதிவைத்துவிட்டுப் போவான். 1131இல் அரகோன் அரசர் முதலாம் அல்ஃபோன்சோ ஒரு படி மேலே போய்த் தன் நாட்டையே ஹாஸ்பிட்டலர், டெம்ப்ளர், திருக்கல்லறைச் சபை மூன்றுக்கும் பங்குபோட்டு உயில் எழுதினார். பிரபுக்கள் விடுவார்களா, செல்லாது என்றுவிட்டார்கள். சபைகள் சும்மா விட்டுக்கொடுக்காமல் அதற்கு ஈடாக நிலமும் கோட்டையும் வாங்கிக்கொண்டன.

இப்படி வந்த சொத்துகளை ஊர்வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகியை வைத்தார்கள். வருமானத்தில் ஒரு பங்கு வருஷாவருஷம் தலைமையிடத்துக்குப் போகவேண்டும். சைப்ரஸில் இவர்களுடைய கொலோசி கோட்டைக்குப் பக்கத்தில் கரும்பாலை இடிபாடு இன்றும் நிற்கிறது. அந்தப் பகுதியின் இனிப்பு ஒயினுக்கு கொமந்தாரியா என்று பெயர், சபையின் நிர்வாகப் பிரிவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இப்போதும் அந்தப் பெயரில்தான் விற்கிறது.

ஜெருசலேம் எப்போது கைவிட்டுப் போனது?

1187 ஜூலை 4 அன்று ஹத்தீனில் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் சிலுவைப் படையை நொறுக்கினார். பிடிபட்ட பிரபுக்கள் பலரைப் பணத்துக்கு விட்டவர், டெம்ப்ளர்களையும் ஹாஸ்பிட்டலர்களையும் விடவில்லை, வெட்டச் சொன்னார். திரும்பப் போய் மறுபடி சண்டைக்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒருவகையில் அவர்களுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது. அதே சலாவுதீன் அக்டோபரில் ஜெருசலேமைப் பிடித்தபோது, நோயாளிகள் தேறும்வரை பார்த்துக்கொள்ள 10 ஹாஸ்பிட்டலர்கள் ஒரு வருஷம்வரை தங்கலாம் என்றும் அனுமதித்தார். வாளெடுத்தவனுக்கு ஒரு நீதி, மருந்தெடுத்தவனுக்கு வேறொரு நீதி.

பிறகு தலைமையிடம் கடற்கரையில் ஆக்கர் நகரத்துக்குப் போனது. கிராக் கோட்டை 1271இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸிடம் விழுந்தது, தலைவர் அனுப்பியதுபோல் கள்ளக் கடிதம் காட்டிச் சரணடைய வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1291 மே மாதம் ஆக்கரும் போனது. காயம்பட்ட தலைவர் ழான் த வில்லியே மிஞ்சிய சிலரோடு கப்பலேறி சைப்ரஸ் போய்ச் சேர்ந்தார்.

டெம்ப்ளர்களை அழித்த மாதிரி இவர்களை ஏன் அழிக்கவில்லை?

நல்ல கேள்வி. புனித பூமி போன பிறகு ஐரோப்பாவில் எல்லோரும் கேட்டது, ‘இனி இவர்களுக்கு என்ன வேலை, இவ்வளவு சொத்து எதற்கு?’ என்றுதான். 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, பிரான்ஸ் அரசர் நான்காம் பிலிப் தன் நாட்டு டெம்ப்ளர்களை ஒரே நாளில் பிடித்தார். சித்திரவதை, ஒப்புதல் வாக்குமூலம், 1312இல் சபை கலைப்பு, 1314இல் தலைவர் ழாக் த மொலே உயிரோடு எரிப்பு.

ஹாஸ்பிட்டலர்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? ரோட்ஸ் தீவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1306இல் தொடங்கி 1310க்குள் தீவு முழுக்க அவர்கள் கையில். அதுவும் முஸ்லிம்களிடமிருந்து பிடித்ததல்ல, பெயரளவில் கிறிஸ்தவ பைசாந்தியப் பேரரசின் தீவு, ஆனால் அதைப் பற்றி யாரும் ரொம்பக் கேட்கவில்லை. வேலை என்ன என்று கேட்டவர்களுக்கு, இதோ கடலில் துருக்கியரைத் தடுக்கிறோம் என்று காட்ட முடிந்தது. எந்த அரசரும் கைவைக்க முடியாத சொந்த மண்ணும் கிடைத்தது. மருத்துவமனை வேறு இருக்கிறது. டெம்ப்ளர்களிடம் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, கலைக்கப்பட்ட டெம்ப்ளர்களின் சொத்து யாருக்குப் போனது என்று தேடுகிறவர்கள் ஆழ்கடலுக்கெல்லாம் போகவேண்டாம். 1312 மே மாதம் போப் அதை ஹாஸ்பிட்டலர்களுக்கு எழுதிக்கொடுத்தார். அரசர்கள் பிடுங்கியதுபோக மிச்சம் வந்தது. புதையல் ரகசியம் அவ்வளவுதான்.

ரோட்ஸில் எப்படி இருந்தார்கள்?

மொழிவாரியாக. பல ஊர்க்காரர்கள் ஒன்றாக இருந்ததால் ‘நாக்கு’ என்று பெயரிட்டுப் பிரிவு பிரித்துக்கொண்டார்கள்: ப்ரோவான்ஸ், ஓவர்ன், பிரான்ஸ், இத்தாலி, அரகோன், இங்கிலாந்து, ஜெர்மனி, பின்னால் 1462இல் காஸ்தீல். ஒவ்வொரு நாக்குக்கும் தனி விடுதி, மதிலில் தனிப் பகுதி, சபைப் பதவிகளிலும் தனி உரிமை. முன்னுரிமைச் சண்டைக்கும் குறைவில்லை. ரோட்ஸ் பழைய நகரில் அந்த விடுதிகள் இருந்த வீரர்கள் தெரு அப்படியே இருக்கிறது.

1480இல் துருக்கியச் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அனுப்பிய படையைத் துரத்திவிட்டார்கள். 1522இல் சுல்தான் சுலைமானே நேரில் வந்தார். ஆறு மாதம் தாக்குப்பிடித்துச் சரணடைந்தார்கள், ஆயுதத்தோடும் மரியாதையோடும் போகலாம் என்று விட்டார் சுலைமான். 1523 ஜனவரி 1 அன்று தலைவர் லீல் ஆதாம் கப்பலேறினார். அன்றைக்குக் காட்டிய பெருந்தன்மைக்கு நாற்பத்திரண்டு வருஷம் கழித்து சுலைமான் வருந்தியிருப்பார்.

பருந்து வாடகைக்கு மால்டா கிடைத்தது என்பது உண்மையா?

உண்மை. ஏழு வருஷம் நாடோடியாகச் சுற்றியவர்களுக்கு 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டா, கோசோ தீவுகளையும், கூடவே ஆப்பிரிக்கக் கரையில் திரிப்போலியையும் கொடுத்தார். குத்தகை, வருஷத்துக்கு ஒரு வேட்டைப் பருந்து. உயிருள்ள பருந்துதான், நகை பதித்த பொம்மை எல்லாம் கதை எழுதியவர்கள் சேர்த்தது. மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டாம், திரிப்போலி என்ற தலைவலியைச் சேர்த்துத் தள்ளிவிட்டார் சார்லஸ், அது 1551இலேயே போய்விட்டது. மால்டாவோ மரமில்லாத பாறை. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மால்டா மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

1565 முற்றுகையை ஏன் எல்லோரும் அப்படிப் பேசுகிறார்கள்?

சுலைமான் அனுப்பிய முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உதுமானியத் துருக்கியப் படை மே மாதம் வந்து இறங்கியது. எதிரே சபை வீரர்கள் சுமார் 500 பேர், மால்டா குடிப்படை, கூலிப்படை எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம். தலைவர் ழான் த வாலெத்துக்கு எழுபது வயது இருக்கும், ஒருகாலத்தில் துருக்கியக் கப்பலில் அடிமையாகத் துடுப்பு வலித்தவர்.

துறைமுக வாயிலில் செயின்ட் எல்மோ என்று ஒரு சின்னக் கோட்டை. சில நாளில் விழும் என்று துருக்கியர் கணக்குப்போட்டார்கள், ஜூன் 23 வரை, ஏறக்குறைய ஒரு மாதம் நின்றது. பகலில் பீரங்கி அடித்து மதிலை உடைப்பார்கள், ராத்திரி எதிர்க்கரையிலிருந்து படகில் புது ஆள் வரும், காயம்பட்டவர் திரும்பிப் போவார்கள், கடைசியில் அந்தப் படகும் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்களில் நீந்தித் தப்பிய சில மால்டாக்காரர்களைத் தவிர அநேகமாக எல்லோரும் செத்தார்கள். துருக்கியப் பக்கம் பேர்போன கடற்தலைவர் துர்குத்தும் அங்கேதான் அடிபட்டு இறந்தார். பிறகு நடந்ததை வீரக்கதை சொல்கிறவர்கள் மெதுவாகத் தாண்டிவிடுவார்கள்: கொன்ற வீரர்களின் உடலைச் சிலுவையில் அறைந்து துருக்கியர் நீரில் மிதக்கவிட்டார்கள், பதிலுக்கு வாலெத் கைதிகளின் தலையை வெட்டிப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். நோயாளியை எஜமானர் என்று சொன்ன சபையின் தலைவர்தான்.

செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்ததும் துருக்கியர் திரும்பினார்கள். செப்டம்பர் 8 மால்டாவில் இன்றும் அரசு விடுமுறை. அடுத்த ஆண்டு மார்ச் 28இல் புது நகரத்துக்கு அடிக்கல் போட்டார்கள், வாலெத்தின் பெயரிலேயே வல்லெட்டா, இன்றைய தலைநகர்.

கடற்கொள்ளை அடித்தார்கள், அடிமை வியாபாரம் செய்தார்கள் என்கிறார்களே?

செய்தார்கள். வல்லெட்டாவின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. சபையின் கப்பல்கள் ஒவ்வொரு பருவமும் முஸ்லிம் கப்பல்களைப் பிடிக்கப் போயின. சபையில் பெரிய பதவி வேண்டுமென்றால் இப்படிச் சில பயணங்கள் போய்வந்திருக்கவேண்டும் என்பது விதி. தனியாருக்கும் உரிமம் கொடுத்தார்கள், கொள்ளையில் பங்கு தலைவருக்கு. பிடிபட்டவர்களை வல்லெட்டாவில் விற்றார்கள், துடுப்பில் சங்கிலியிட்டு உட்காரவைத்தார்கள். சரக்கு முஸ்லிமுடையதா கிரேக்கக் கிறிஸ்தவனுடையதா என்பதில் ரொம்ப நுணுக்கம் பார்க்காததால் வெனிஸ் ஓயாமல் புகார் சொன்னது. எதிர்க்கரையில் அல்ஜியர்ஸிலும் திரிப்போலியிலும் இதே தொழில் தலைகீழாக நடந்தது, மால்டாக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே அடிமைகளாகக் கிடந்தார்கள், உண்மைதான், அதனால் இது சரியாகிவிடாது. 1749இல் மால்டா அடிமைகள் தலைவர் பின்டோவைக் கொல்லத் திட்டமிட்டார்கள், முன்கூட்டியே தெரிந்துபோய்ப் பலரைக் கொடூரமாகக் கொன்றார்கள்.

அதே வல்லெட்டாவில், 1574இல் தொடங்கிய பெரிய மருத்துவமனை. ஒரே கூடம் ஏறக்குறைய 155 மீட்டர் நீளம். நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் சாப்பாடு, சுத்தமாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். 1676இல் உடற்கூறும் அறுவை மருத்துவமும் கற்பிக்கப் பள்ளி. துடுப்பில் கட்டிய அடிமையின் உழைப்பும் அந்த வெள்ளித் தட்டுக்குள் இருக்கிறது.

ஓவியர் கரவாஜியோ இந்தச் சபையில் இருந்தாரா?

நாலரை மாதம் இருந்தார். ரோமில் கொலை செய்துவிட்டு ஓடிவந்தவரை 1608 ஜூலையில் சேர்த்துக்கொண்டார்கள், மறுபடி அடிதடி, சிறை, சிறையிலிருந்து ஓட்டம், டிசம்பர் 1இல் ‘அழுகிய உறுப்பு’ என்று நீக்கினார்கள். அவர் அங்கே வரைந்த யோவான் தலைவெட்டப்படும் ஓவியம் இன்னும் வல்லெட்டா பேராலயத்தில் இருக்கிறது. வழியும் ரத்தத்தில் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்.

நம் பக்கம் யாராவது வந்தார்களா?

சபையாக வரவில்லை. ஆனால் சபையைச் சேர்ந்த ஒருவர் வந்து நம் கடற்கரை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் மால்டா வீரர், இளமையில் சபையின் கப்பல்களில் ஓடிப் பழகியவர். சபைக்காகக் கிறிஸ்தவர்களோடு போரிடக்கூடாது, பிரெஞ்சு அரசருக்காக என்றால் பரவாயில்லை, இந்தச் சந்து பல வீரர்களுக்குப் பயன்பட்டது. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால், ஆகஸ்டில் திருகோணமலையைப் பிடித்து செப்டம்பரில் அதற்கு வெளியே, 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் என்று ஆங்கிலேயத் தளபதி ஹியூஸோடு மோதிக்கொண்டே இருந்தார். இடையில் கடலூர் பக்கத்தில் ஹைதர் அலியைச் சந்தித்தார். கடலூர்ச் சண்டை முடிந்த சில நாளில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. புதுச்சேரியில் சுஃப்ரன் வீதி வழியாகப் போகிறவர்கள் அடுத்தமுறை பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

மால்டா எப்படிப் போனது?

அசிங்கமாகப் போனது. பிரெஞ்சுப் புரட்சி 1792இல் பிரான்ஸிலிருந்த சொத்தையெல்லாம் பறித்ததும் வருமானம் விழுந்தது. 1798 ஜூனில் எகிப்துக்குப் போகிற வழியில் நெப்போலியன் குடிதண்ணீர் கேட்டு நின்றார், தகராறு பண்ணினார், தீவையே எடுத்துக்கொண்டார். சுலைமானின் படையை நாலு மாதம் நிறுத்திய தீவு ஒன்றிரண்டு நாளில் விழுந்தது. தலைவர் ஹோம்பெஷ் சமாளிக்கத் தெரியாதவர், வீரர்களில் பாதிக்குமேல் பிரெஞ்சுக்காரர்கள், மால்டா மக்களுக்கோ இவர்கள்மேல் வெறுப்பு. நெப்போலியன் ஒரு வாரம்கூட இருக்கவில்லை, அதற்குள் முஸ்லிம் அடிமைகளை விடுவித்தார், வெள்ளியையெல்லாம் வாரிக்கொண்டு போனார்.

அப்புறம் ரஷ்யப் பேரரசர் பவெல், கத்தோலிக்கரே இல்லாதவர், கல்யாணமும் ஆனவர், சபைத் தலைவரானார். அந்தக் கூத்து அவர் 1801இல் கொல்லப்பட்டதோடு முடிந்தது. 1802 உடன்படிக்கையில் மால்டாவைச் சபைக்குத் திருப்பித் தருவதாக எழுதிய பிரிட்டன் தரவில்லை. 1834இல் சபை ரோமில் போய் உட்கார்ந்தது.

இன்றைக்கு இது நாடா, இல்லையா?

ரெண்டுக்கும் நடுவில். நிலம் கிடையாது, ரோமில் இரண்டு கட்டடம்தான் முக்கிய இடம். ஆனால் 100க்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு, 1994 முதல் ஐக்கிய நாடுகள் சபையில் பார்வையாளர் இடம், சொந்தத் தபால்தலை, நாணயம், சில நூறு பேருக்கு மட்டும் கடவுச்சீட்டு. போரெல்லாம் 1798ஓடு சரி. இப்போது மருத்துவமனை, ஆம்புலன்ஸ், அகதிகள் உதவி. பெத்லகேமில் 1990 முதல் இவர்கள் நடத்தும் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, அங்கே பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். ரோஜரின் தொட்டில் விதி எழுதப்பட்ட இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம். 2022இல் போப் பிரான்சிஸ் புது அரசியல் சட்டம் கொடுத்துத் தலைவர் பதவிக்குப் பிரபு வம்சம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்தார்.

பணம் கட்டினால் ‘மால்டா நைட்’ பட்டம் தருவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது, நம்பலாமா?

கூடாது. இந்தப் பெயரை ஒட்டிப் போலிச் சபைகள் நிறைய உண்டு. அங்கி, பதக்கம், சான்றிதழ் எல்லாம் வரும், காசும் போகும்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, சுற்றுவழியில். இங்கிலாந்துக் கிளையை எட்டாம் ஹென்றி 1540இல் கலைத்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் சில ஆங்கிலேயர் அதைப் புராட்டஸ்டன்ட் சாயலில் புதுப்பித்தார்கள், ரோம் ஏற்கவில்லை, விக்டோரியா அரசி 1888இல் பட்டயம் கொடுத்தார். அவர்கள் 1877இல் தொடங்கியதுதான் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் 1878இல் சாதாரண ஜனங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார், மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் ஜூலுப் போரில் இறந்தார். ஆங்கிலேய ஆட்சியோடு அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது.

தமிழ்நாட்டில் கண்டக்டர் உரிமம் எடுக்கப் போனவர்களைக் கேட்டுப்பாருங்கள், முதலுதவிச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நானும் வேலை விஷயமாக அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். முக்கோணத் துணியை மடித்துப் பக்கத்தில் இருந்தவர் கையைத் தொட்டில்போல் தூக்கிக் கட்டச் சொன்னார்கள், நான் போட்ட முடிச்சு ரெண்டு தரம் அவிழ்ந்தது. சான்றிதழில் எட்டு முனை நட்சத்திரம் மாதிரி ஒன்று. பக்கத்து ஆள் ‘இது என்ன சார், பூவா?’ என்று கேட்டார். மால்டா என்று ஆரம்பித்தேன், அதற்குள் டீ வந்துவிட்டது.

செஞ்சிலுவைச் சங்கமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 1863இல் ஜெனீவாவில் பிறந்தது, சின்னம் சுவிஸ் கொடியை நிறம் மாற்றியது. எட்டு முனைச் சிலுவைதான் இவர்களுடையது. மலைப்பொழிவில் இயேசு சொன்ன எட்டுப் பேறுகளை அது குறிக்கிறது என்பார்கள். மால்டாவின் ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்களில் பார்க்கலாம்.

ஒரே ஓர் இடம் பார்க்கலாம் என்றால் எங்கே போவது?

கல்லறைக் கற்களே தரையாக இருக்கும் வல்லெட்டா பேராலயம் என்று சொல்லவேண்டும். ஆனால் ரோம் போகிறவர்கள்தான் அதிகம் என்பதால் இது: அவென்டைன் குன்றில் சபைக்குச் சொந்தமான மாளிகை, வாசலில் பச்சைக் கதவு, எப்போதும் ஒரு வரிசை நிற்கும். சாதாரணமாக உள்ளே விடமாட்டார்கள். சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தால் வேலிச்செடிகள் நடுவே நேராகப் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். பார்வை சபையின் மண்ணில் கிளம்பி, இத்தாலியைத் தாண்டி, வத்திக்கானில் போய் முடிகிறது. இலவசம், பின்னால் நிற்பவர் தோளைத் தட்டும்வரை பார்க்கலாம்.